ஒன்று போதும்

விக்டோரியா மகாராணி காலத்துக் கடைசி இருபது வருடங்களில் உலகமெங்கும் அச்சான கவிதைகளைக் கழித்துக்கட்டுவதுதான் பியூலாவின் வேலை. ஒரே சோகத்துக்கு ஒரே கவிதைதான் சேமிப்பில் இருக்கலாம் என்பது சட்டம். இயந்திரம் இரண்டிரண்டாகப் பக்கத்தில் வைத்துக் காட்டும். இருக்க வேண்டியதன் கீழுள்ள ‘ஒன்று போதும்’ என்பதை ஒரு மனிதக் கட்டைவிரல் அழுத்த வேண்டும்; மற்றது அழிந்துவிடும்.

அன்று மத்தியானம் வந்த இரண்டில், பினாங்கில் ஒரு தகப்பன், காலராவில் போன மகளின் பாவாடை மடிப்பில் பாதி கடித்த கற்கண்டு இருந்ததைப் பாடியிருந்தான். கிளாஸ்கோவில் இன்னொருவன், மகள் விட்டுப்போன ஒற்றைக் காலுறையை.

“சார், இது ரெண்டும் வேற வேற,” என்றாள் பியூலா, மேற்பார்வையாளர் ஞானமுத்துவிடம்.

“புள்ள செத்த பாட்டுதானம்மா? இன்னும் நானூறு கிடக்கு. சட்டுனு அமுக்குங்க.”

சேர்ந்த புதிதில் என்றால் சண்டை போட்டிருப்பாள். இப்போது அதற்கும் தெம்பில்லை. அமுக்கினாள். கற்கண்டு போயிற்று. நானூறையும் முடித்துவிட்டுத்தான் எழுந்தாள்.

வீட்டில் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. கணவன் எட்வின் திரையை நீட்டினான்.

“நம்ம வீட்டுச் சேமிப்புக்கும் நோட்டீஸ் வந்துட்டு. பாப்பாவோட அஞ்சாவது பொறந்தநாளும் ஆறாவதும் ஒண்ணு போலத்தான் இருக்காம். என்னால பாக்க முடியல. நீயே பாத்துச் சொல்லு.”

ஏழாவது பிறந்தநாள் பாப்பாவுக்கு வரவேயில்லை.

இரண்டு படங்களும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. பியூலாவின் கட்டைவிரல் தானாகப் போய் அழுத்திவிட்டது.

“எத விட்டுவச்ச?” என்று கேட்டான் எட்வின்.

அவளுக்குத் தெரியவில்லை. அவள் பார்க்கவேயில்லை.