கடைசி ஜோடி

டீச்சர் வகுப்பில் முப்பத்தொரு பிள்ளைகள். வெளியே கிளம்பினால் இரண்டிரண்டு பேராகக் கைகோத்துத்தான் நடக்க வேண்டும். மிஞ்சுகிற ஒருத்தி எப்போதும், வாயே திறக்காததால் வகுப்பே 'ஊமைக்கோட்டான்' என்று கூப்பிடும் சிறுமிதான். அவள் கை டீச்சர் கையில் இருக்கும்.

அன்று சுற்றிப் பார்க்கப் போன வனவிலங்கு மையத்தின் வழிகாட்டி, "சத்தம் போடாம நின்னா அதுங்களே கிட்ட வரும்" என்றார். பிள்ளைகள் போட்ட கூச்சலில் ஓர் அணில்கூடத் தலைகாட்டவில்லை. ஊமைக்கோட்டான் மட்டும் குளத்தோரம் அசையாமல் நின்றாள்.

திரும்பும்போது டீச்சர் வழக்கம்போல் கையை நீட்டினார்.

"வேணாம் மிஸ். எனக்கு ஜோடி கிடைச்சாச்சு."

பஸ்ஸில் டீச்சர் தலைகளை எண்ணினார். முப்பத்தொன்று, சரியாக இருந்தது. ஊமைக்கோட்டான் பக்கத்துக் காலி இருக்கையோடு வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தாள். ஒருவழியாக வாயைத் திறந்தாளே என்று டீச்சருக்கு மனம் குளிர்ந்தது.

பள்ளி வாசலில் முப்பத்தொரு பேரும் இறங்கினார்கள். கடைசியாக டீச்சர் படிக்கு வந்தபோது, கீழிருந்து ஊமைக்கோட்டான் அண்ணாந்து பார்த்தாள்.

"மிஸ், அவளுக்குப் படி எட்டாது. கொஞ்சம் பிடிச்சுக்குங்க."

பழக்கதோஷம், டீச்சரின் கை தானாகத் தாழ்ந்தது. சில்லென்று ஈரமாய் ஒரு சின்னக் கை அதைப் பற்றிக்கொண்டது.

"பாத்து இறங்கும்மா" என்றார் டீச்சர்.