செம்புக் கல்லில் வந்த மோதிரம்

செம்புக் கல்லை நொறுக்கும் மைக்ரோவேவ் அடுப்புக்குள் பொறி பறந்தது. மேற்பார்வையாளர் மரிட்சா இயந்திரத்தை நிறுத்தினாள்.

அந்தச் சூட்டில் தாது மட்டும் வீங்கி, கல் தானாகவே விண்டுபோகும். உலோகத் துண்டு கலந்து வந்தால்தான் பொறி தெறிக்கும். அன்று வந்த கல், சரிந்து மூடிக்கிடந்த பழைய சுரங்கத்தைத் திறந்து எடுத்தது.

தொழிலாளி ஒஸ்வால்டோ நொறுங்கிய கல்லைக் கிளறினான். தங்க மோதிரம் ஒன்று கிடைத்தது. அதை அவன் பையில் போடுவதற்குள் மரிட்சா பிடுங்கிப் பார்த்தாள்.

“உள்ள ‘நிவியா’ன்னு செதுக்கியிருக்கு. உன் பொண்டாட்டி பேருதானே? கல்யாண மோதிரத்தையாடா தொலைச்ச, கழுதை!”

“ஆமா… எப்படியோ கழண்டு விழுந்துருச்சு.”

எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் அதை ஒஸ்வால்டோவின் விரலில் பலவந்தமாக மாட்டிவிட்டான். பிறகு சோப்பு போட்டும் கழலவில்லை.

வீட்டில் சூப் ஊற்ற வந்த நிவியா அந்த விரலைப் பார்த்து அப்படியே நின்றாள். அது ஒஸ்வால்டோவுக்கு அவள் போட்ட மோதிரம் இல்லை; அது வீட்டு அலமாரியில் இருந்தது. இது முதல் கணவன் ரமிரோவுக்கு அவள் போட்டது.

சுரங்கம் சரிந்த அன்று, ரமிரோ வேறொருத்தியோடு இக்கிக்கே நகரத்துக்கு பஸ் ஏறியதைக் கண்ணால் பார்த்ததாக ஊரெல்லாம் சொன்னவன் ஒஸ்வால்டோதான். அதனால் யாரும் ரமிரோவைத் தேடவில்லை. நிவியா அவன் துணிகளைத் தெருவில் போட்டுக் கொளுத்தினாள்.

“பழைய சுரங்கத்துக் கல்லுலதானே இது கிடைச்சுது? சுரங்கம் சரிஞ்சப்ப நீ அவன்கூட இருந்தியா?”

ஒஸ்வால்டோ ஆமென்று தலையசைத்தான்.

“உடனே செத்துட்டானா?”

அவன் கரண்டியைக் கீழே வைத்தான்.

“மறுநாளும் உள்ளேருந்து தட்டுற சத்தம் கேட்டுச்சு.”