போனா போகுது

“டிரைவர், இந்தத் தடவை என்னை எதிர்த்து நீ நிக்கறே!”

டிரைவர் பதறிப்போனான். “ஐயோ ஐயா! நான் என்ன தப்பு பண்ணினேன்?”

தலைவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

இருபது வருஷமாக ஊரை ஆள்பவர். நாட்டில் ஒரே கட்சி, ஊரில் ஒரே வேட்பாளர். கட்சிக்காரர்கள் கூடுவார்கள், கை தூக்குவார்கள், கலைந்துவிடுவார்கள். இப்போது தலைநகரில் யாருக்கோ சீர்திருத்த ஆசை வந்துவிட்டது. இனி ரெண்டு பேர் நிற்கணுமாம். ரகசிய ஓட்டாம். எல்லாம் படிப்படியாக மாறுமாம்!

“ஒப்புக்குத்தான்யா. நீயும் கட்சி உறுப்பினர்தானே? பேசாம நின்னு தோத்துட்டுப் போ.”

“சரிங்கய்யா.”

தேர்தலன்று காலையில் தலைவருக்கே மனசு இளகியது.

“உனக்கு ஒரு ஓட்டுகூட விழலேன்னா சந்தி சிரிச்சுடும். போனா போகுது, என் ஓட்டை உனக்கே போடறேன்.”

“உங்களுக்குப் பெரிய மனசுங்கய்யா.”

சாயங்காலம் கட்சி ஆபீசில் எண்ணினார்கள். எண்ணியவருக்குப் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது.

டிரைவருக்கு அமோக வெற்றி. தலைவருக்கு விழுந்தது ஒரே ஒரு ஓட்டு!

“துரோகிங்களா!”

செயலாளர் தலையைச் சொறிந்தார். “போனா போகுதுன்னு அவனுக்குப் போட்டேங்க. நான் ஒருத்தன் போடலேன்னா உங்களுக்கு என்ன குறைஞ்சிடப்போகுதுன்னு...”

பொருளாளரும் அதையேதான் சொன்னார். நேற்றுவரை இவர் தும்மினால்கூடக் கைதட்டிய ஆசாமிகள்!

தலைவர் தலைநகருக்கு போன் போட்டார். “இந்தத் தேர்தல் செல்லாதுன்னு அறிவிச்சிடுங்க!”

“உங்க ஊர்லயுமா?” என்றது மறுமுனை, அழாத குறையாக.

அதற்குள் செயலாளரும் பொருளாளரும் புதுத் தலைவருக்கு நாற்காலி துடைக்க ஓடிவிட்டார்கள். மிஞ்சியது மனைவி மட்டும்தான். அவளும் கட்சி உறுப்பினர்.

தலைவர் அவள் பக்கம் திரும்பினார். “நீயாவது எனக்குப் போட்டியே, அது போதும்.”

மனைவி தரையைப் பார்த்தாள். “இல்லீங்க... பாவமா இருந்துச்சு. நானும் அவனுக்குத்தான்...”

“அப்ப அந்த ஒண்ணு?”

வாசலில் டிரைவர் வழக்கம்போலக் கார்க் கதவைத் திறந்தபடி நின்றான்.

“நான்தாங்கய்யா. ஓட்டுப் போட ஒவ்வொருத்தரையா கார்ல ஏத்திட்டு வந்தப்ப, ‘என் ஓட்டு உனக்குத்தான்’னு எல்லாருமே தனித்தனியா எங்கிட்ட சொன்னாங்க. உங்களுக்கு ஒண்ணுகூட விழலேன்னா சந்தி சிரிச்சுடுமே! அதான், போனா போகுதுன்னு நான் போட்டேன்.”