மேயரின் வெள்ளைக் கையுறை

"டேய் லெஸ்டர், கால்சட்டையில பையைக் காணோம்டா."

மேயர் கேரிட் ஹூக்ஸ்ட்ரா தன் தொளதொளத்த கறுப்புக் கால்சட்டையின் இரு பக்கமும் தடவித் தடவிப் பார்த்தார். போன திருவிழா வரை பை இருந்த இடத்தில் இப்போது நெருக்கமான தையல்.

"உடுப்புக் கமிட்டி வேலையா இருக்கும். அந்தக் காலத்து டச்சுக்காரனுக்குப் பை எதுக்குன்னு தச்சு மூடியிருப்பாங்க," என்றார் லெஸ்டர். மேயருக்கு முன்னால் மணியடித்துப் போகிற வேலை அவருக்கு. "பை இல்லன்னா இப்ப என்ன குடி முழுகிப்போச்சு?"

"மண்ண எதுலடா கொண்டு போறது?"

லெஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வெல்டாம் ஊரில், டச்சு முன்னோர் நினைவாகப் பழைய டச்சு உடுப்புப் போட்டு நடத்தும் துலிப் பூத் திருவிழாவில், மேயர் வெள்ளைக் கையுறையோடு தெருவைத் தடவிப் பார்த்து, 'அழுக்கு' என்று அறிவிக்க வேண்டும். அப்புறம்தான் ஊரே வாளியும் துடைப்பமுமாக இறங்கித் தெருவைத் தேய்க்கும், ஊர்வலம் கிளம்பும். ஆனால் வெல்டாம்காரர்கள் மானஸ்தர்கள் ஆயிற்றே. வெளியூர்க்காரன் கண்ணில் அழுக்குப் படலாமா என்று, விடிவதற்குள் தாங்களாகவே தேய்த்துப் பளபளவென்று வைத்துவிடுவார்கள். பாவம், மேயர் அழுக்குக்கு எங்கே போவார்? அதனால் பூப்பாத்தி மண்ணை ஒரு பிடி பையில் போட்டுக்கொண்டு போய், ஆல்வினாவின் ரொட்டிக்கடைப் படியில் நைசாகத் தூவிவிட்டு, அங்கேயே தடவிப் பார்ப்பார். வருடா வருடம் இதே கதை.

"ஊர்ல அத்தன வாசல் இருக்க, அந்தம்மா வாசல்தான் கெடச்சுதா உனக்கு?"

கேரிட்டின் காது சிவந்தது. "அவங்க என்னத் திட்டிக்கிட்டே படியத் தேய்ப்பாங்க. நான் பக்கத்துல நின்னு தண்ணி ஊத்துவேன். மத்த நாள்ல கடைக்குப் போனா, 'வேற என்ன வேணும்'னு கேக்குறாங்க. எனக்கு வாயே வரமாட்டேங்குது."

"நீயும் தனியா கெடக்க. அவங்களும் தனியா இருக்காங்க. கேட்டுத் தொலைக்க வேண்டியதுதானே."

"இன்னிக்குக் கேக்கலாம்னுதான் இருந்தேன். அடுத்த வருஷம் வேற மேயர்டா."

"மரச்செருப்புக்குள்ள மண்ணப் போட்டுக்க."

"ஏற்கெனவே அஞ்சு ஜோடி காலுறை திணிச்சு வெச்சிருக்கேன். நீ கொஞ்சம் கொண்டு வாயேன்."

"ஆள விடு சாமி. நான் சர்ச் மூப்பன்."

மணி அடித்தது. கேரிட் வெறுங்கையோடு நடந்தார். வழியில் ஒரு தூசி தும்பு கிடைக்குமா என்று பார்த்துக்கொண்டே வந்தார். ம்ஹூம்.

ரொட்டிக்கடை வாசலில், கஞ்சி போட்ட வெள்ளைத் தொப்பியும் கையில் துடைப்பமுமாக ஆல்வினா நின்றிருந்தார்.

"வாங்க மேயரே. இந்த வருஷமும் நம்ம வாசல்தானா? ஊர்லயே சுத்தக்காரின்னு பேரு எனக்கு. கையுறை வெள்ளையாவே இருந்துட்டா உங்க மூஞ்சிய எங்க கொண்டுபோய் வெச்சுக்குவீங்க?"

கூட்டம் சிரித்தது. கேரிட் மனசுக்குள் எல்லாம் முடிந்தது என்று நினைத்துக்கொண்டே குனிந்து, படியைத் தடவினார். நிமிர்ந்தார்.

கையுறை கன்னங்கரேலென்று இருந்தது.

அவர் வாய் பிளந்தபடி நின்றார். லெஸ்டர் முழங்கையால் இடித்தார்.

"அ... அழுக்கு."

கூட்டம் கைதட்டியது. தெரு முழுக்கத் தண்ணீர் பாய்ந்தது. கேரிட் ஒரு வாளியைத் தூக்கிக்கொண்டு படியருகே போனார்.

"ஆல்வினா, சத்தியமா இது நான் போட்ட மண்ணு இல்ல," என்றார் மெல்ல.

"தெரியும். உடுப்புக் கமிட்டியில இருந்து உங்க பையத் தச்சு மூடினதே நான்தானே," என்றார் ஆல்வினா, தேய்ப்பதை நிறுத்தாமல். "எத்தன வருஷந்தான் நீங்களே மண்ணு சுமப்பீங்க? இந்தத் தடவ நானே போட்டு வெச்சேன். தண்ணிய ஊத்திக்கிட்டே, கேக்க வந்ததக் கேளுங்க."