காற்று அடங்கும்வரை

வலது கணுக்கால் முறிந்த சத்தம் நோலீனுக்கே கேட்டது.

சரளைக்கல் சரிவில் உருண்டு, ஒரு பாறையில் முதுகு முட்டிக் கிடந்தாள். தலை தப்பியிருந்தது. கைகள் அசைந்தன. முதுகுப்பையும் கூடவே வந்திருந்தது.

"சரி, கால் மட்டும்தான்" என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டாள்.

நியூசிலாந்தின் தென்தீவில் அவள் தனியாக ஏறாத மலை குறைவு. அன்று காலை அந்தப் பள்ளத்தாக்கில் வேறு ஆளே கிடையாது.

மார்புப் பையில் பீக்கன் இருந்தது. சோப்புக்கட்டி அளவில், ஆபத்தில் உதவி கேட்கும் மஞ்சள் கருவி. ஏரியலை நீட்டிப் பொத்தானை அமுக்கினால் செயற்கைக்கோள் சமிக்ஞையைப் பிடித்துக்கொள்ளும்; ஹெலிகாப்டர் கிளம்பிவிடும். மலையேற்றச் சங்கத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் அவள்தான் அடித்துச் சொல்வாள்: "அடிபட்டா யோசிக்காம அமுக்குங்க. வெட்கப்பட்டா பிணமாத்தான் தூக்கணும்."

கை பீக்கன்மேல் போனது.

தலையை உயர்த்திப் பார்த்தாள். வடமேற்குக் காற்று கணவாயைப் பிய்த்துக்கொண்டிருந்தது. மேகம் கிழிந்து கிழிந்து ஓடியது.

அமுக்கினால் ஹெலிகாப்டரில் யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியும். கையை எடுத்துவிட்டாள்.

ஊன்றுகோலை மடக்கிக் காலோடு வைத்துக் கட்டினாள். பல்லைக் கடித்துக்கொண்டு பாறையின் மறைவுக்கு நகர்ந்து, உறக்கப்பைக்குள் நுழைந்து, அடுப்பைப் பற்றவைத்தாள். கைவசம் இருந்த சர்க்கரை முழுவதையும் தேநீரில் கொட்டினாள். தன்னால் தாக்குப்பிடிக்க முடியும். அதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

கியா என்னும் மலைக்கிளி ஒன்று தத்தித் தத்தி வந்து, அவிழ்த்துவைத்த பூட்ஸின் கயிற்றை இழுத்தது.

"போடா அங்கிட்டு. நான் இன்னும் சாகல."

மதியம் உடம்பு உதறத் தொடங்கியது. விரல்கள் சொன்னபடி கேட்கவில்லை. ஒருமுறை ஏரியலை நீட்டியும்விட்டாள். அந்நேரம் காற்று ஒரு வீச்சு வீசி, எதிர்ச் சரிவின் புதர்களைத் தரையோடு படுக்கவைத்தது. ஏரியலை மடக்கினாள். தெரிந்த பாட்டையெல்லாம் உரக்கப் பாடினாள்.

பிற்பகலில் புதர்கள் நிமிர்ந்தன. கணவாய்க்கு மேலே நீலம் தெரிந்தது. நீலம் நிலைக்கிறதா என்று நன்றாகப் பார்த்துக்கொண்டாள்.

பிறகுதான் அமுக்கினாள்.

ஹெலிகாப்டர் தலைக்குமேல் ஆடாமல் நின்றது. சிவப்புத் தலைக்கவசம் போட்ட ஒருத்தி கம்பியில் இறங்கினாள். காலுறையைக் கத்தரித்துப் பார்த்தாள். கால் கறுத்து, இரண்டு மடங்கு வீங்கியிருந்தது.

"எப்ப விழுந்த?"

"இப்பதான்."

"பொய் சொல்லாத. காலையிலயே விழுந்திருக்க. ஏன் அப்பவே அமுக்கல?"

"காலையில காத்து எப்படி இருந்துச்சு தெரியுமா?"

வந்தவள் தூக்குப்பட்டையை நோலீனின் முதுகுக்குக் கீழே கொடுத்து, இழுத்து, கொக்கியை மாட்டினாள். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, முகத்தை நோலீனின் முகத்தருகே கொண்டுவந்தாள்.

"தெரியும். அதுல பறக்குறதுதான் உன் பொண்ணோட வேலை, அம்மா."