சுவர் வரைக்கும் காய்ந்த புல்

"எழுதி வெச்சுக்கோ, இது உப்புத் தண்ணி வேலையேதான்!"

பின்வாசல் படியில் நின்றுகொண்டு கணவர் போட்ட சத்தத்தில் சுவர்மேல் உட்கார்ந்திருந்த காகம் பறந்துவிட்டது.

படியில் தொடங்கிச் சுவர் வரைக்கும், புல்தரையின் நடுவே ஒரு பட்டை மட்டும் காய்ந்து மஞ்சளாகக் கிடந்தது. மற்ற இடமெல்லாம் பச்சைப்பசேல். சுவருக்கு அந்தப் பக்கம் அவருடைய அண்ணன் வீடு. வீட்டைப் பாகம் பிரித்தபோது வார்த்தை தடித்து, ஆள் உயரத்துக்கு மேல் எழும்பிய சுவர் அது. அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அண்ணன் பேச்சை எடுத்தாலே இவருக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

"உங்க அண்ணன் அப்படிப்பட்ட ஆள் இல்லைங்க," என்றாள் மனைவி.

"நீ என்னைக்கு எனக்குப் பரிஞ்சு பேசியிருக்கே? ராத்திரியோட ராத்திரியா சுவர்மேல இருந்து ஊத்தியிருக்கார். சாயங்காலம் வக்கீலைப் பார்க்கப் போறேன். கோர்ட்டுக்கு இழுத்தாத்தான் புத்தி வரும்."

இதுவரை பேச்சு மட்டும்தான் நின்றிருக்கிறது. வழக்கு என்று போய்விட்டால் அப்புறம் ஒட்டவே ஒட்டாது. எப்படியாவது இன்றைக்கு இவரைத் தடுத்தாக வேண்டும். அவரைக் கேட்காமலே உள்ளே போய்ப் புல் டாக்டருக்குப் போன் செய்தாள்.

புல் டாக்டர் என்பது அந்தப் பகுதிக்காரர்கள் வைத்த பெயர். செடி விற்கும் கடை வைத்திருப்பவள். முழங்கால் வரை பூட்ஸும் தோளில் இரும்புக் கம்பியும் குழாயுமாக வந்து இறங்கினாள். இறங்கியதிலிருந்து வாய் மூடவில்லை.

"உப்பா? பார்த்துட்டாப் போச்சு சார்." காய்ந்த இடத்திலிருந்து துளி மண்ணைக் கிள்ளி நாக்கில் வைத்துக்கொண்டாள். "உப்பும் இல்லை, உறைப்பும் இல்லை. நீங்களும் கொஞ்சம் ருசி பார்க்கறீங்களா?"

அவர் இரண்டடி பின்னால் போனார்.

பச்சையாக இருந்த இடத்தில் கம்பியைக் குத்தினாள். பிடி வரைக்கும் சரசரவென்று இறங்கியது. மஞ்சள் பட்டையில் குத்தினாள். டங்கென்று நின்றுவிட்டது. ஒரு குவளைத் தண்ணீரை அங்கே ஊற்றினாள். அது உள்ளே இறங்காமல் குளம் கட்டிக்கொண்டது.

"மண்ணு இறுகிப்போச்சு. வேருக்கு மூச்சு முட்டுது, பாவம். இந்தக் குழாயால நெருக்கமாக் குத்தி, துளைத்துளையா மண்ணை வெளியே எடுத்துடறேன். மட்கின உரமும் மணலும் கலந்து துளையில தள்ளித் தண்ணி விடுங்க. காத்தும் தண்ணியும் உள்ளே போனாப் புல் தானா எழுந்து உட்கார்ந்துடும்."

"எதனாலம்மா இப்படி இறுகிச்சு?" என்றாள் மனைவி.

"மிதிச்சு மிதிச்சுத்தான். யாரோ தினமும் இதே தடத்துல நடக்கறாங்க."

"இங்க யாரு நடக்கறா? நான் துணி காயப்போடறது மாடியில. இவர் வாக்கிங் போறதும் பார்க்குக்குத்தான். நான் எந்திரிக்கறதுக்குள்ள போயிட்டு வந்துடுவார்."

டாக்டர் தடத்தைப் பிடித்துக்கொண்டே சுவர் வரைக்கும் போனாள். குனிந்து கம்பியால் தட்டிப் பார்த்தாள்.

"இங்கதான் பாறை மாதிரி இருக்கு. வர்றவங்க சும்மா வந்துட்டுப் போகலை. இந்த இடத்துல ரொம்ப நேரம் நிக்கவும் நிக்கறாங்க."

"ஐயோ, திருடனா இருக்குமோ?"

"எந்தத் திருடன்மா தினம் தவறாம வந்து, ஒண்ணையும் எடுக்காமத் திரும்பிப் போவான்?"

கணவர் குறுக்கே புகுந்தார். "ஆராய்ச்சி போதும்மா. துளையைப் போட்டுட்டுக் கிளம்பு." குரலில் பழைய வேகம் இல்லை.

"போடறேன் சார். ஆனா இந்த நடையை நிறுத்தினாத்தான் பிரயோஜனம். பக்கத்து வீட்டுலயும் நேத்து இதைத்தான் சொல்லிட்டு வந்தேன்."

"பக்கத்து வீட்டுலயா?"

"அங்கேயும் இதே கதைதான். படியில ஆரம்பிச்சுச் சுவர் வரைக்கும் காய்ஞ்சு கிடக்கு. சரியா இந்த இடத்துக்கு நேர் எதிர்ல வந்து முடியுது. அந்த வீட்டம்மா, நீங்க ஆசிட் ஊத்திட்டீங்கன்னு ஒரே ஆர்ப்பாட்டம்."

"ஆசிட்டா! நானா!"

"நீங்க இல்லைன்னு மண்ணைக் காட்டிப் புரிய வெச்சேன். ஆனா அந்தப் பெரியவர் துளையே போட விடலை. என்னைத் தனியாக் கூப்பிட்டு, யார்கிட்டயும் சொல்லிடாதேன்னு கெஞ்சிட்டு ஒரு விஷயம் சொன்னார்."

புல் டாக்டர் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். அவள் குரலைத் தாழ்த்தினால் தெருமுனை வரைக்கும்தான் கேட்கும்.

"'நடக்கறதை மட்டும் என்னால நிறுத்த முடியாதும்மா. விடியறதுக்கு முன்னாடி இங்க வந்து நின்னா, சுவருக்கு அந்தப் பக்கம் என் தம்பியும் வந்து நின்னு இருமறது கேக்கும்'னார்."

மனைவி மெல்லத் திரும்பினாள். பார்க்குக்கு வாக்கிங் போகிறவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். இருமல்தான் வந்தது.

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து உடனே ஒரு அதட்டல் கேட்டது.

"இன்னும் விடலையாடா அந்த இருமல்? ஒழுங்கா மருந்து சாப்பிடறியா இல்லையா?"