திட்டு விழாத நாள்

கையை நீட்டியபடி உட்கார்ந்திருந்தாள். பயிற்சியாளர் கட்டுத்துணியைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

மெதுவாகச் சுற்றினார். இறுக்கமாக இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டார்.

எட்டு வருடமாக அவரிடம் குத்துச்சண்டை பழகுகிறாள். வியாசர்பாடிக்காரர். போட்டி நாளில் அவர் வாயிலிருந்து நல்ல வார்த்தை வந்ததே இல்லை. எருமை என்பார், தண்டச்சோறு என்பார். இன்று காலையிலிருந்து ஒரு திட்டுகூட விழவில்லை.



இன்னும் நாற்பது நிமிடத்தில் அரையிறுதி. தோற்றால் வெண்கலம், இன்றிரவே விமானம். ஜெயித்தால் நாளை மறுநாள் இறுதிப் போட்டி.

அடுத்த கையை எடுத்துக்கொண்டார். அவள் ஒன்றும் கேட்கவில்லை. அவராகவே சொன்னார்.

“வூட்ல எல்லாரும் நல்லாகீறாங்கம்மா. நீ இத மட்டும் பாரு.”

அவளை அவர் அம்மா போட்டுக் கூப்பிட்டது இதுதான் முதல் தடவை.

கவனம் சிதறும் என்று ஐந்து நாளாக எல்லோருடைய போனும் அவரிடம்தான் இருக்கிறது. போட்டியன்று காலையில் மட்டும் அப்பாவோடு இரண்டு நிமிடம் பேசத் தருவார். அப்பா ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். போன மாதம்தான் நெஞ்சுவலி வந்து ஸ்டென்ட் வைத்தார்கள். முந்தாநாள், காலிறுதிக்கு முன்னால் பேசினார். சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டார்.

இன்று காலையில் போன் கேட்டபோது, டவர் இல்லை என்றார் பயிற்சியாளர். இருபது மாடி ஓட்டலில் டவர் இல்லையாம்.

சாப்பிடும்போது அறைத்தோழி தன் தட்டிலிருந்த முட்டையை எடுத்து அவள் தட்டில் வைத்தாள். முகத்தைப் பார்க்கவில்லை.

அந்த முட்டைக்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

போன வருடம், வேறொரு நாட்டில், இசக்கியம்மாளின் தட்டில் அவளே அப்படி ஒரு முட்டையை வைத்தாள். இசக்கியம்மாளின் தாய் முந்தைய நாள் இறந்துபோயிருந்தார். அணி முழுக்கத் தெரியும், இசக்கியம்மாளுக்கு மட்டும் தெரியாது. யாரும் வாயைத் திறக்கவில்லை. இசக்கியம்மாள் ஜெயித்தாள். ஐஸ் பெட்டியில் மூன்று நாள் காத்திருந்த தாயின் மேல் பதக்கத்தை வைத்துவிட்டுக் கதறினாள். அந்தப் படம் எல்லாப் பேப்பரிலும் வந்தது. தேசத்தின் மகள் என்று போட்டிருந்தார்கள். அவளும் அதை ஸ்டேட்டஸ் வைத்தாள். அன்று பெருமையாகத்தான் இருந்தது.

இப்போது நினைத்தால் கூசியது.

முந்தாநாள் காலிறுதியில் அவளிடம் தோற்றவள் ஒரு நார்வே பெண். நேற்று சாப்பாட்டுக் கூடத்தில் தன் அப்பாவின் தோளில் சாய்ந்து ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள். அவளைக் கண்டதும் கூப்பிட்டு அப்பாவுக்கு அறிமுகம் செய்துவைத்தாள். மகளை அடித்தவள் என்று பார்க்காமல் அந்த மனிதர் எழுந்து நின்று கை கொடுத்தார். இரண்டு பேரும் இன்னும் ஒரு வாரம் ஊர் சுற்றப் போகிறார்களாம். தோற்றதற்குக் கொஞ்சமும் வெட்கம் இல்லையா இவளுக்கு என்றுதான் நேற்று நினைத்தாள்.

முதல் சுற்றில் தோற்று, இன்றிரவு விமானத்துக்குக் காத்திருக்கும் நம் பெண் ஒருத்தி இரண்டு நாளாகச் சாப்பிடவே வரவில்லை. யாரும் போய்க் கூப்பிடவும் இல்லை.

பயிற்சியாளர் கையுறையை மாட்டிவிட்டார்.

தோற்றுவிடலாம்.

முடிவு செய்ததும் மூச்சு சீரானது. இன்றிரவு விமானம், நாளை மதியம் வீடு. அப்பாவின் முகத்தைப் பார்த்துவிடலாம்.

எதிரில் உஸ்பெக் பெண். முதல் சுற்றில் வேண்டுமென்றே இடது கையைத் தாழ்த்தினாள். மூக்கில் ஒன்று விழுந்தது. அந்த வலி வேண்டியிருந்தது.

இரண்டாவது சுற்றிலும் வாங்கிக்கொண்டாள். மேலே நம்மவர்கள் கொடியை ஆட்டி நாட்டின் பெயரைச் சொல்லிக் கத்திக்கொண்டிருந்தார்கள். இடைவேளையில் பயிற்சியாளர் தண்ணீர் கொடுத்தார். அப்போதும் திட்டவில்லை.

மூன்றாவது சுற்று. இன்னும் மூன்று நிமிடம் சும்மா நின்றால் போதும்.

அந்தப் பெண் வலது கையை ஓங்கினாள். தாடை காவலில்லாமல் கிடந்தது.

அவள் யோசிக்கவில்லை. கை போய்விட்டது.

எட்டு வருடம், விடிகாலை நாலரை மணிக்கு எழுந்து பழகிய கை. அதற்கு அப்பா செத்தது தெரியாது.

எதிராளி சரிந்தாள். நடுவர் எட்டு வரை எண்ணியும் அவளால் காலூன்ற முடியவில்லை. ஆட்டத்தை நிறுத்தினார்.

நடுவர் கையைத் தூக்கிப் பிடித்தபோது வாய்விட்டு அழுதாள். கேமராக்காரர்கள் கிட்டே வந்து முகத்தைப் படம் பிடித்தார்கள். ஆனந்தக் கண்ணீர் என்று ஊரில் சொல்லிக்கொண்டிருப்பார்கள்.

உடை மாற்றும் அறையில் வேறு யாரும் இல்லை. பயிற்சியாளர் கட்டுத்துணியைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒன்றுதான், இரண்டே நாள்தான் என்றார்.

“ஐஸ் பெட்டி ரெண்டு நாள் தாங்குமா மாஸ்டர்?”

கத்தரிக்கோல் நின்றது.

நேற்று சாயங்காலமே எடுத்துவிட்டார்கள் என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். சொல்ல வேண்டாம் என்றது அவளுடைய அம்மாதானாம். தங்கத்தோடு வரட்டும் என்றாராம்.

அவள் போனைக் கேட்டாள். கொடுத்தார்.

இரண்டாவது மணியிலேயே அம்மா எடுத்தாள். டிவியில் பார்த்தோம் கண்ணு, தெருவே வெடி வெடிக்கிறது என்றாள். குரல் கட்டியிருந்தது. சளி பிடித்திருக்கிறது என்று அவளாகவே சொன்னாள்.

அப்பா எங்கே என்று கேட்டாள்.



மாத்திரை போட்டுவிட்டுத் தூங்குகிறார் என்றாள் அம்மா.

“சரிம்மா. எழுப்பாத.”